இயங்குபடப் படிவமும் மின்னஞ்சலும்: செய்தி சென்று சேரும் நெறி

முன்னுரை

தூது விடுத்தலைத் தனியொரு சிற்றிலக்கிய வகையாகவே வளர்த்த மொழி தமிழ். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தினைத் தூதுக்குரியனவாக நம் முன்னோர் வகுத்தனர். திருக்குறளின் 69ஆம் அதிகாரம் ‘தூது’ என்னும் பெயருடையது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் எனத் தூதுரைப்பாரை வேறுபடுத்திக் காட்டுவார். சொல்லியதை மாற்றாமல் சென்று சொல்பவன் ஒருவன். இடமும் காலமும் ஆராய்ந்து சொல்பவன் மற்றொருவன். இவ்விருவர் பணியும் இன்று கணிப்பொறியினுள் நாள்தோறும் நிகழ்கின்றன என்பது மிகையன்று.

இணையப் பக்கத்தில் அசையும் படம் ஒன்று இயங்குகிறது. அதனூடே பெயர், முகவரி, செய்தி ஆகியவற்றை எழுதுதற்குரிய பெட்டிகள் தோன்றுகின்றன. எழுதி முடித்து ‘அனுப்புக’ என்னும் பொத்தானை அழுத்தினால், ‘நன்றி, தங்கள் செய்தி கிடைத்தது’ என்னும் தொடர் அழகுற விரிகின்றது. கல்வி உதவித்தொகை வேண்டி எழுதிய மாணவி ஒருத்தி அத்தொடரை நம்பி எழுந்து செல்கிறாள். அச்செய்தி உண்மையிலேயே சென்று சேர்ந்ததா? சேர்ந்ததெனின் எவ்வழியே சேர்ந்தது? சேரவில்லையெனின் எங்கே நின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஃபிளாஷ் என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1. ஃபிளாஷ்: தோற்றமும் மறைவும்

ஃபியூச்சர்வேவ் என்னும் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் ‘ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்’ என்னும் இயங்குபட மென்பொருளை வெளியிட்டது. அதனை உருவாக்கியோருள் தலையாயவர் ஜொனாதன் கே ஆவார். அவ்வாண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் அதனை வாங்கி, ‘ஃபிளாஷ்’ எனப் பெயரிட்டது. 1999இல் வந்த நான்காம் பதிப்பில், பார்ப்பவர் எழுதுதற்குரிய உள்ளீட்டுப் பெட்டிகளும், வெளியிலிருந்து தரவைப் பெறும் கட்டளையும் இடம்பெற்றன. அதுகாறும் காட்சிப் பொருளாக இருந்த இயங்குபடம் அன்று முதல் உரையாடற் பொருளாயிற்று எனலாம். 2000ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் ‘ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்’ என்னும் நிரல்மொழி முழுவடிவம் பெற்றது. 2002இல் வெளிவந்த ‘ஃபிளாஷ் எம்.எக்ஸ்.’ பதிப்பு, தரவை அனுப்பவும் பெறவும் ‘லோட்வார்ஸ்’ என்னும் தனிப் பொருளை வழங்கியது. 2005இன் இறுதியில் மேக்ரோமீடியா அடோபி நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2006இல் ஒன்பதாம் இயக்கியுடன் வந்த ‘ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3’ இப்பணியைச் செய்யும் முறையை முற்றிலும் மாற்றியமைத்தது.

2007இல் வெளிவந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களை வெளிப்படையாக எழுதினார். 2017 ஜூலையில் ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அடோபி அறிவித்தது. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் இயக்கியே ஃபிளாஷ் படங்களை இயங்கவிடாது தடுத்தது. ஆயின் மறைந்துபோன ஒன்றை ஏன் ஆராய்தல் வேண்டும் என்னும் வினா எழலாம். மென்பொருள் மறைந்ததேயன்றி, செய்தி அனுப்பும் நெறி மறையவில்லை. வழக்கிழந்த நூலிலும் இலக்கணம் தெளிவுற விளங்குதல் போல, ஃபிளாஷ் படிவத்தில் அந்நெறியின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நின்று விளங்குகின்றன. ஆதலின் அது கற்போர்க்கு நல்லதொரு பாடமாகும்.

2. இயங்குபடம் தானே அஞ்சல் அனுப்பாமை

தொடக்கநிலை மாணவர் பலரும் கொள்ளும் எண்ணம், இயங்குபடமே மின்னஞ்சலை அனுப்புகிறது என்பதாகும். அது பொருந்தாது. ஃபிளாஷ் படம் வழங்கியிலிருந்து இறங்கி, பார்ப்பவரின் கணிப்பொறியில் உள்ள உலாவியினுள் இயங்குவது. மின்னஞ்சலோ அஞ்சல் வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்.எம்.டி.பி. என்னும் வரன்முறையால் செல்வது. 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இவ்வரன்முறைக்குரிய வாயில் எண் 25 ஆகும். ஃபிளாஷின் தொடர்பு வசதியோ தொடக்கத்தில் 1024க்குக் குறைந்த எண்ணுடைய வாயில்களை அணுகாதவாறு அமைக்கப்பட்டிருந்தது.

இத்தடைக்குத் தக்க காரணங்கள் உள்ளன. படத்துக்கு அஞ்சல் அனுப்பும் உரிமை அளித்திருப்பின், தீயோர் ஒருவர் செய்த படத்தைப் பார்ப்போர் அனைவரின் கணிப்பொறிகளும் அவர்கள் அறியாமலேயே வேண்டா அஞ்சல்களைப் பரப்பும் கருவிகளாகியிருக்கும். மேலும், அஞ்சல் வழங்கியின் கடவுச்சொல்லைப் படத்தினுள் வைத்தால், படத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவிகளைக் கொண்டு எவரும் அதனை எடுத்துவிடுவர். பார்ப்பவரின் கைக்குச் சென்றுவிட்ட எதனுள்ளும் மறைபொருள் இராது என்பது இங்கு உளங்கொள்ளத்தக்கது.

எளிய வழி ஒன்றும் அக்காலத்தில் வழங்கியது. ‘மெயில்டு’ என்னும் இணைப்பைப் பொத்தானில் அமைத்தால், பார்ப்பவரின் கணிப்பொறியிலுள்ள அஞ்சல் மென்பொருள் திறந்துகொள்ளும். ஆயினும் அவர் மீண்டும் ஒருமுறை அங்கே அனுப்பும் பொத்தானை அழுத்தினாலன்றிக் கடிதம் செல்லாது. பிரௌசிங் சென்டர்களில் அமர்ந்து எழுதுவோர்க்கு அந்தக் கணிப்பொறியில் தமக்கென அமைக்கப்பட்ட அஞ்சல் மென்பொருளே இராது. ஆதலின் அவ்வழி பெரும்பாலும் பயனளிக்கவில்லை.

எனவே தூதர் இருவர் வேண்டப்படுகின்றனர். முதலாமவர் படத்தினுள் இருந்து, எழுதியதை எழுதியவாறே வழங்கிக்குக் கொண்டு செல்பவர். இவர் கூறியது கூறுவார். இரண்டாமவர் வழங்கியில் இருந்து, வந்ததை ஆராய்ந்து கடிதமாக வகுத்து அஞ்சலில் சேர்ப்பவர். இவர் தான் வகுத்துக் கூறுவார். பி.எச்.பி. என்னும் நிரல்மொழி பெரும்பாலும் இரண்டாமவர் பணிக்குப் பயன்பட்டது. ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பார் 1995இல் இதனை முதன்முதலில் பொதுப்பயன்பாட்டுக்கு வெளியிட்டார்.

3. செய்தி பயணிக்கும் படிநிலைகள்

செய்தி செல்லும் வழியை ஐந்து படிநிலைகளாகப் பகுத்துக் காண்போம்.

முதற்படி பெயரிடுதல். பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ‘பெயர்’, ‘ஊர்’ என்னும் தலைப்புகள் மனிதருக்கு உரியவை. நிரலுக்கு அவை புலப்படா. பெட்டிக்கெனத் தனியே இட்ட பெயரையே நிரல் அறியும். பெட்டி ஓர் உட்படத்தினுள் இருப்பின் அதனை முழுவழியோடு சுட்டுதல் வேண்டும். ஒரே பெயருடையார் இருவர் வெவ்வேறு தெருவில் வாழ்வதைப் போன்றது இது; தெருப்பெயர் கூறாது பெயர் மட்டும் கூறின் அழைப்பு உரியவரைச் சேராது. படிவத்திலிருந்து வெற்றுக் கடிதம் வந்தமைக்கு இப்பெயர்ப் பிழையே பல நேரங்களில் காரணமாக இருந்தது.

இரண்டாம் படி தொகுத்தல். பெட்டிகளில் உள்ளவற்றை லோட்வார்ஸ் பொருளொன்றில் பெயரும் மதிப்புமாக அடுக்குதல் வேண்டும். பழைய ‘லோட்வேரியபிள்ஸ்’ கட்டளை, படத்தின் அக்காலக்கோட்டில் உள்ள எல்லா மாறிகளையும் வாரிக்கொண்டு சென்றது. லோட்வார்ஸ் தன்னிடம் ஒப்படைத்தவற்றை மட்டுமே கொண்டு செல்லும். தூதரிடம் வேண்டியதை மட்டும் ஒப்படைத்தலே முறை என்பதால் பின்னதே சிறந்தது.

மூன்றாம் படி குறியாக்கம். தரவு ஒரே நீண்ட வரியாகச் செல்கின்றது. ஒரு பெயரையும் அதன் மதிப்பையும் ‘=’ என்னும் குறி இணைக்கும்; ஓர் இணையை அடுத்த இணையிலிருந்து ‘&’ என்னும் குறி பிரிக்கும். அவ்வாறாயின் எழுதுபவர் தம் செய்தியினுள்ளேயே ‘&’ குறியை எழுதிவிட்டால் என்னாகும்? அவ்விடத்தில் செய்தி இரண்டாக உடையும். இதனைத் தவிர்க்க அக்குறி ‘%26’ என மாறிச் செல்கின்றது. ‘@’ குறி ‘%40’ ஆகின்றது. சொல்லிடைவெளி ‘+’ எனவோ ‘%20’ எனவோ ஆகின்றது. வழங்கி இவற்றை மீண்டும் பழைய வடிவுக்குக் கொணரும். படத்திலுள்ள லோட்வார்ஸ் இம்மாற்றத்தைத் தானே செய்துவிடும். சரங்களைக் கையால் ஒட்டி அனுப்பியவர்களே இடர்ப்பட்டனர்.

நான்காம் படி விடுத்தல். இதற்குக் ‘கெட்’, ‘போஸ்ட்’ என இருமுறைகள் உண்டு. 1995இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். 2 வரையறையிலேயே இவ்விரண்டும் படிவங்களுக்குரியனவாகக் கூறப்பெற்றன. கெட் முறையில் தரவு முகவரியின் வாலாக ஒட்டிச் செல்லும். அது வழங்கியின் குறிப்பேடுகளிலும் உலாவியின் நினைவிலும் பதியும். நீளத்துக்கும் வரம்பு உண்டு. அஞ்சலட்டையில் எழுதுதல் போன்றது அது. போஸ்ட் முறையில் தரவு கோரிக்கையின் உள்ளே அடங்கிச் செல்லும். மனிதர் எழுதிய செய்திக்கு இதுவே உகந்தது. எனினும், உறைக்குள் இட்டதனாலேயே கடிதம் பூட்டப்பட்டதாகிவிடாது. வழி முழுவதும் மறைகுறியாக்கம் பெற்ற பாதுகாப்பு இணைப்பும் உடன் வேண்டும்.

ஐந்தாம் படி வழங்கியின் நிரல் தரவைப் பெறுதல். இங்கும் ஓர் இடர் இருந்தது. பழைய பி.எச்.பி.யில் வந்த மதிப்புகள் தாமாகவே மாறிகளாகிவிடும் வழக்கம் இருந்தது. பாதுகாப்புக் கருதி 2002இல் வெளிவந்த 4.2 பதிப்பில் அவ்வழக்கம் இயல்பாக நிறுத்திவைக்கப்பட்டது, 2012இன் 5.4 பதிப்பில் அறவே நீக்கப்பட்டது. பழைய பாடங்களைப் பார்த்து எழுதியோரின் நிரல்கள் புதிய வழங்கியில் வெற்றுக் கடிதங்களை அனுப்பியமைக்கு இது காரணம். ‘போஸ்ட்’ அடுக்கிலிருந்து பெயர் சுட்டி எடுத்தலே வழுவற்ற முறையாகும்.

இவ்வைந்தோடு மற்றொன்றும் அறியத்தக்கது. 2003இல் வந்த ஏழாம் இயக்கி முதல், படமும் அது தரவைப் பெறும் வழங்கியும் முற்றிலும் ஒரே களப்பெயர் உடையனவாக இருத்தல் வேண்டும் என்னும் விதி கடுமையாக்கப்பட்டது. முன்னே ‘டபிள்யூ’ மூன்றும் உடைய முகவரியும் அவை இல்லாத முகவரியும் மனிதருக்கு ஒன்றாகத் தோன்றினும் இயக்கிக்கு வேறு வேறு. இடம் மாறின் இசைவுக் கோப்பு ஒன்றை வழங்கியில் வைத்தல் வேண்டும்.

4. தமிழெழுத்தின் பயணம்

தமிழ் மாணவராகிய நாம் சிறப்பாக நின்று நோக்க வேண்டிய இடம் இது. ‘அம்மா’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி இதில் மூன்று எழுத்துகள். ஒருங்குறியிலோ ஐந்து குறியிடங்கள்: அகரம், மகரம், புள்ளி, மகரம், கால். ‘மெய்யோடு உயிர் சேர உயிர்மெய்’ என நாம் கற்கிறோம். ஒருங்குறியோ அகரமேறிய மகரத்தை முதலாகக் கொண்டு, அதன்மேல் புள்ளி இட்டு மெய்யைப் பெறுகின்றது. இலக்கணம் மெய்யிலிருந்து உயிர்மெய்க்குச் செல்ல, ஒருங்குறி உயிர்மெய்யிலிருந்து மெய்க்கு வருகின்றது. 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழ் இவ்வாறு இடம்பெற்றது.

யு.டி.எஃப்-8 என்னும் முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகும். அகரம் 224, 174, 133 என்னும் மூன்று எண்களாகச் செல்கின்றது. எனவே ‘அம்மா’ 15 பைட்டுகள். படிவக் குறியாக்கத்தில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் அதனைத் தொடரும் இரு பதினறும இலக்கங்களுமாக மும்மடங்காகும். ஆகவே மூன்றெழுத்துச் சொல் 45 குறிகளாக விரிந்து வழங்கியை அடைகின்றது. கெட் முறையின் நீள வரம்பு ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழை விரைவில் தடுப்பதற்கு இதுவே காரணம்.

இதனால் விளையும் நடைமுறைத் துன்பம் ஒன்றையும் காட்டுவோம். பெயர்ப் பெட்டியில் இத்தனை குறிகளே எழுதலாம் என வரம்பு இடுவதுண்டு. அவ்வரம்பு எழுத்தை எண்ணாது; குறியிடத்தையே எண்ணும். ‘ஃபாத்திமா’ என்னும் பெயர் நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணிப்பொறிக்கு ஒன்பது குறியிடம். வரம்பு எட்டு என இருப்பின் அப்பெயர் ‘ஃபாத்திம’ எனக் குறைந்து நிற்கும். சான்றிதழில் அவ்வாறே அச்சேறினால் அதன் விளைவு யாதென விளக்க வேண்டுவதில்லை. தமிழ்ப் பெயருக்கு வரம்பு இடுவோர் எழுத்துக்கு இரண்டு குறியிடமேனும் கணக்கிட்டு, அதற்கு மேலும் இடம் விடுதல் நலம்.

தரவு வழங்கியை அடைந்த பின்னரும் தமிழின் இடர் தீர்வதில்லை. மின்னஞ்சல் தொடக்கத்தில் 128 குறிகளை மட்டுமே உடைய ஆஸ்கி முறைக்காக அமைந்தது. பிற எழுத்துகளும் செல்லுதற்குரிய ‘மைம்’ என்னும் முறை 1992இல் வகுக்கப்பட்டது. அதன்படி, கடிதத்தின் தலைப்பகுதியில் உள்ளடக்கம் யு.டி.எஃப்-8 என அறிவித்தல் வேண்டும். அறிவிக்காவிடின் பெறுபவரின் மென்பொருள் தான் நினைத்த முறையில் படிக்க, நம் எழுத்துகள் உருத்தெரியாக் குறிகளாகவோ கேள்விக்குறிகளாகவோ தோன்றும். பொருள்வரிக்குத் தனி விதி உண்டு. அதனைப் பேஸ்64 முதலிய முறையில் மாற்றி, குறியாக்கத்தின் பெயரையும் உடன் எழுதுதல் வேண்டும். பேஸ்64 மூன்று பைட்டுகளை நான்கு குறிகளாக்கும். தமிழ்க் குறியிடம் சரியாக மூன்று பைட்டுகளாதலின், ‘அம்மா’ இம்முறையில் 20 குறிகளாகின்றது.

எழுத்துருக்கு ஒரு குறிமுறை என ஒவ்வொருவரும் தனித்தனியே வழங்கிய காலத்தில் இவ்விடர் இன்னும் மிகுதி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 99’ மாநாடு விசைப்பலகையையும் குறிமுறையையும் தரப்படுத்த முனைந்தது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே குறிமுறையைக் கொள்ளாவிடில் தூது சென்றும் பயனில்லை என்னும் உண்மையே அம்முயற்சிக்கு அடிப்படையாகும்.

5. வழங்கி நிரலின் கடமைகள்

இரண்டாம் தூதர் ஆராய்ந்து சொல்பவர் என முன்னர்க் கூறினோம். அவர் ஆராய வேண்டுவன யாவை?

முதலாவது, கடிதம் யாருக்குச் செல்ல வேண்டும் என்பதை வழங்கியே அறிந்திருத்தல் வேண்டும். 1995இல் மேட் ரைட் என்பார் வெளியிட்ட ‘ஃபார்ம்மெயில்’ என்னும் நிரல் உலகெங்கும் பரவியது. அதன் பழைய பதிப்புகளில், பெறுநர் முகவரி படிவத்தினுள் மறைவாக எழுதப்பட்டிருந்தது. வேண்டா அஞ்சல் பரப்புவோர் அம்முகவரியை மாற்றி, பிறர் வழங்கிகளின் வழியே தம் விளம்பரங்களை அனுப்பினர். வீட்டுக்காரர் வாயிலைத் திறந்து வைக்க, வழிப்போக்கர் அவ்வீட்டை அஞ்சலகமாக்கிய கதை அது.

இரண்டாவது, தலைப்பு நுழைப்பைத் தடுத்தல் வேண்டும். மின்னஞ்சலின் தலைப்பகுதியில் ‘அனுப்புநர்’, ‘பொருள்’, ‘மறைபடி’ முதலிய ஒவ்வொன்றும் ஒரு தனி வரி. வரி முறிந்தால் அடுத்த தலைப்பு தொடங்கும். முகவரிப் பெட்டியில் முகவரியோடு ஒரு வரிமுறிவையும் மறைபடித் தலைப்பையும் சேர்த்து ஒருவர் அனுப்பி, நிரல் அதனை ஆராயாது தலைப்பகுதியில் ஒட்டினால், அக்கடிதம் நூற்றுக்கணக்கானோர்க்குப் படியெடுத்துச் செல்லும். ஒற்றைவரிப் பெட்டியில் வரிமுறிவு எவ்வாறு நுழையும் எனின், தீயோர் படத்தைப் பயன்படுத்துவதில்லை. வழங்கியை நேரடியாகவே அணுகுவர் என்பது விடை. ஆகவே படத்தினுள் செய்யும் சரிபார்ப்பு எழுதுபவரின் வசதிக்கு உரியது. வழங்கியில் செய்யும் சரிபார்ப்பே காப்புக்கு உரியது. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மூன்றாவது, அனுப்புநர் பெயரில் நேர்மை வேண்டும். எழுதியவரின் முகவரியையே அனுப்புநராக இடும் வழக்கம் முன்னாளில் இருந்தது. அக்கடிதத்தை உண்மையில் அனுப்புவது நம் வழங்கியேயன்றி அவருடைய வழங்கி அன்று. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் முதலிய சரிபார்ப்பு முறைகள் நிலைபெற்ற பின்னர் இத்தகைய கடிதங்கள் ஐயத்துக்குரியனவாகத் தள்ளப்படுகின்றன. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அனுப்புநர்க்குரிய விதிகளை மேலும் கடுமையாக்கின. அனுப்புநராக நம் களத்தின் முகவரியையும், மறுமொழிக்கு உரியவராக எழுதியவரின் முகவரியையும் இடுதலே முறை.

நான்காவது, பிறர் தந்த விவரங்களைக் காத்தல் வேண்டும். படிவத்தில் கேட்கும் ஒவ்வொரு விவரமும் ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளாகும். தேவைக்கு மேல் கேளாமையும், கேட்டதை வேறு பயனுக்கு உட்படுத்தாமையும் அறம். 2023ஆம் ஆண்டில் இந்தியாவில் இயற்றப்பட்ட எண்ம வடிவத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வறத்தைச் சட்டமாகவும் ஆக்கியுள்ளது.

6. ‘நன்றி’ என்னும் சொல்லின் பொருள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இயங்குபடம் காலத்தால் இயங்குவது. ஃபிளாஷின் பழைய பதிப்புகளில் இயல்பான வேகம் நொடிக்கு 12 சட்டங்கள். பொத்தானை அழுத்தியவுடன் படம் ஓடத் தொடங்கி, 24 சட்டங்கள் கடந்து ‘நன்றி’ என்னும் சட்டத்தை அடையுமாறு அமைத்தால், இரண்டு நொடிகளில் நன்றி தோன்றிவிடும். இணைப்பு அறுந்திருந்தாலும் தோன்றும். வழங்கி நின்றிருந்தாலும் தோன்றும். நிரலே அங்கு இல்லாவிடினும் தோன்றும். அந்த நன்றி செய்தி அறிந்து சொல்லியதன்று. காலம் கழிந்ததால் சொல்லியது. இத்தகைய படிவங்கள் எண்ணிறந்தோரை ஏமாற்றியுள்ளன. அமைத்தோர்க்கு ஏமாற்றும் நோக்கம் சிறிதும் இல்லாதிருந்தும்!

செம்மையான முறை வேறு. தரவை விடுத்தவுடன் படம் ஓரிடத்தில் நின்று, ‘அனுப்பப்படுகிறது’ என்று மட்டும் கூறுதல் வேண்டும். வழங்கி தன் பணி முடிந்ததும் ‘நிலை=1’ என்றோ ‘நிலை=0’ என்றோ மறுமொழி தரும். லோட்வார்ஸின் ‘ஆன்லோட்’ நிகழ்வு அதனைப் பெற்ற பின்னரே படம் அடுத்த சட்டத்துக்குச் செல்லுதல் வேண்டும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. நிரற்கோப்பின் இறுதியில் ஒரு வெற்றுவரி இருந்தாலும் அது மதிப்போடு ஒட்டிக்கொள்ளும். ஒன்று என வந்தது ‘ஒன்றும் ஒரு வரிமுறிவும்’ ஆகிவிட, ஒப்பீடு பொய்க்கும். இதனால் மறுமொழியின் முன்னும் பின்னும் ‘&’ குறி இடும் வழக்கம் தோன்றியது. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3இல் இப்பணியை ‘யு.ஆர்.எல்.லோடர்’, ‘யு.ஆர்.எல்.வேரியபிள்ஸ்’ என்பன ஏற்றன. அங்கு மறுமொழி பெயர்–மதிப்பு வடிவில் அமையாவிடில் படம் பிழை கூறும். மறுமொழி வாராமலே நெடுநேரம் ஆயின் ‘மீண்டும் முயல்க’ எனக் கூறுதலும், எழுதியதை அழிக்காது வைத்தலும் வேண்டும்.

இத்துடன் ஐயம் தீர்ந்ததா எனின், முற்றும் தீரவில்லை. பி.எச்.பி.யின் அஞ்சல் கட்டளை ‘உண்மை’ என விடை தந்தால், கடிதம் உள்ளூர் அஞ்சல் மென்பொருளால் ஏற்கப்பட்டது என்பதே பொருள். அது பெறுநரை அடைந்தது என்பது பொருளன்று. அஞ்சற்பெட்டியில் கடிதத்தை இட்டதற்கும், உரியவர் கையில் அது சேர்ந்ததற்கும் உள்ள வேறுபாடு இது. இடையே அது திருப்பப்படலாம், வேண்டா அஞ்சல் அறையில் அடைபடலாம், படிப்பாரின்றிக் கிடக்கலாம்.

ஆகவே, சிறந்த நிரல் முதலில் செய்தியை வழங்கியின் தரவுத்தளத்தில் பதிந்துவைத்து, ஒரு பதிவெண்ணைப் பெறும். அதன் பின்னரே மின்னஞ்சலை விடுக்கும். மின்னஞ்சல் செய்தி வந்ததை அறிவிக்கும் மணியோசையே. செய்தியின் இருப்பிடம் அன்று. மணியோசை கேளாமற்போயினும் செய்தி அழியாது. எழுதியவரிடமும் ‘தங்கள் செய்தி பதிவு செய்யப்பட்டது, பதிவெண் இது’ எனக் கூறுதல் வேண்டும். கணிப்பொறி உறுதியாக அறிந்தது அவ்வளவே; அவ்வளவே கூறுதல் வாய்மை. உதவித்தொகைக்கு எழுதிய அம்மாணவியின் கையில் ஒரு பதிவெண் இருப்பின், அவள் பத்து நாள் கழித்து வந்து உரிமையோடு கேட்க இயலும். வெறும் நன்றியைக் கொண்டு அவள் எதனையும் கேட்க இயலாது.

7. இன்றைய நிலை

ஃபிளாஷ் நின்றபோது, அதனுள் அமைந்த படிவங்களும் ஒருங்கே நின்றன. 2014இல் பரிந்துரை நிலை எய்திய எச்.டி.எம்.எல். 5, அதனோடு இயையும் சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியன இன்று அசைவும் படிவமும் ஒருங்கே தருகின்றன. தரவை அனுப்ப ‘ஃபெச்’ என்னும் கட்டளை லோட்வார்ஸின் இடத்தில் நிற்கின்றது. ஃபிளாஷ் ஆக்க மென்பொருளும் எச்.டி.எம்.எல். 5 வடிவில் படங்களை வெளியிடும் ஆற்றல் பெற்று, 2016இல் ‘அனிமேட்’ எனப் பெயர் மாறியது. ஆயினும் பெயரிடுதல், தொகுத்தல், குறியாக்கம், விடுத்தல், பெறுதல் என்னும் ஐந்து படிகளும் மாறவில்லை. உலாவி இன்றும் தானே எஸ்.எம்.டி.பி. வழியே அஞ்சல் அனுப்புவதில்லை. வழங்கி இன்றும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும்.

பழைய படங்களைக் காக்கும் பணியும் நடைபெறுகின்றது. ‘ரஃபிள்’ என்னும் மென்பொருள் ஃபிளாஷ் படங்களை இன்றைய உலாவியில் இயக்கிக் காட்டுகின்றது. ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ 2020 நவம்பர் முதல் அதன் துணையோடு பழைய படங்களைப் பேணி வருகின்றது. எனினும் படிவத்தின் மறுமுனையில் இருந்த வழங்கி நிரல் அழிந்திருப்பின், படம் மீண்டும் அசையும். பெட்டியில் எழுதவும் இயலும். செய்தி மட்டும் எங்கும் செல்லாது. காணப்படும் பகுதியைக் காத்தல் எளிது. காணப்படாத பகுதியே செய்தியைச் சுமந்தது. தத்தம் கல்லூரிக்கும் ஊர் அமைப்புகளுக்கும் இணையத்தளம் அமைக்கும் மாணவர்கள், பழைய படிவங்கள் எவையேனும் இன்னும் பக்கத்தில் நின்று பயனின்றிச் செய்தி வாங்குகின்றனவா என ஆராய்ந்து நீக்குதல் கடமையாகும்.

முடிவுரை

இக்கட்டுரையால் அறியப்படுவன:

1. இயங்குபடம் தானே மின்னஞ்சல் அனுப்புவதன்று; அது தரவை வழங்கிக்குச் சேர்க்க, வழங்கி நிரலே கடிதமாக்கி விடுக்கின்றது.

2. பெட்டிக்குப் பெயரிடுதல் முதல் வழங்கி பெறுதல் ஈறாக ஐந்து படிகளுள் எதில் வழு நேரினும் செய்தி பழுதுபடலாம்.

3. தமிழ்ச் செய்தி வழுவின்றிச் செல்ல, பெட்டியின் வரம்பு, படிவக் குறியாக்கம், கடிதத் தலைப்பு ஆகிய மூன்றிடத்தும் ஒருங்குறியைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

4. பெறுநர் முகவரியும் சரிபார்ப்பும் வழங்கியின் பொறுப்பு. படத்திடம் ஒப்படைக்கத்தக்கன அல்ல.

5. செய்தியை முதலில் பதிந்து, பின்னர் விடுத்து, மறுமொழி பெற்ற பின்னரே எழுதியவர்க்கு அறிவித்தல் முறை.

படிவம் அமைக்கக் கற்கும் மாணவர்க்கு இறுதியாக ஒரு பயிற்சி கூறுவோம். தாம் அமைத்த படிவத்தை முடித்தபின், இணைப்பைத் துண்டித்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்திப் பார்க்க. அப்போதும் ‘நன்றி’ தோன்றுமாயின் அப்படிவம் இன்னும் முடியவில்லை என்று அறிக. தூதின் சிறப்பு அது செல்லும் அழகில் இல்லை. சொல்லியதைச் சேர்த்து, சேர்ந்ததை மெய்யாக வந்துரைப்பதில் உள்ளது.